முதல் பைக்: கிளாசிக்கா, ஆர்15ஆ, அப்பா சொல்ற ஸ்ப்ளெண்டரா?

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான். வயசு 23, ஹைட் 5 அடி 4. இதுவரைக்கும் அக்காவோட ஸ்கூட்டி மட்டும்தான் ஓட்டியிருக்கார், இப்பதான் கியர் வண்டிக்கு எல்எல்ஆர் எடுத்திருக்கார். வீடு சிங்காநல்லூர், வேலை சரவணம்பட்டி. கையில ஒன்னேகால் லட்சம் இருக்கு, பத்தலன்னா லோன் போட்டுக்கலாம். மனசு பூரா ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, அது இல்லன்னா யமஹா ஆர்15. அப்பா ஸ்ப்ளெண்டர்தான்னு ஒத்தக்கால்ல நிக்கறார். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் "வாங்கறதே ஒரு தடவை, பெருசாவே வாங்கிடு"ன்னு ஏத்தி விடறாங்க. எப்படியும் வால்பாறை போயே ஆகணும்னு ஆசை வேற.

நேராவே சொல்லிடறனுங்க. உங்கப்பா சொல்றதுதான் சரி, ஆனா அவரு அத மைலேஜுக்காக சொல்லியிருப்பாரு, நான் வெயிட்டுக்காக சொல்றேன். அதோட புது ஸ்ப்ளெண்டர் வேண்டாம், பழசு ஒன்னு புடிங்க. எட்டு மாசமோ ஒரு வருஷமோ நல்லா ஓட்டுங்க, வித்துடுங்க, அப்பறம் உங்க கிளாசிக்க வாங்குங்க.

ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ. கிளாசிக் 350 195 கிலோ. நடுவுல 83 கிலோ இருக்கு, அதாவது நல்லா வளந்த ஒரு ஆள வண்டியில கட்டி வெச்சுக்கிட்டு ஓட்டிப் பழகற மாதிரி. இதுல என்ன ஏமாத்து வேலைன்னா, ஓடறப்ப அந்த வெயிட்டு தெரியவே தெரியாது. ஷோரூம்காரன் டெஸ்ட் ரைடு குடுப்பான், நேரா ஒரு கிலோமீட்டர் போயிட்டு வருவீங்க, 30 தாண்டிட்டா கிளாசிக் அது பாட்டுக்கு அசையாம போகும், "அட இவ்வளவுதானா"ன்னு இறங்கி வந்து அட்வான்ஸ் குடுத்துடுவீங்க. ஆனா புதுசா பழகறவன் விழறது 60ல இல்ல தம்பி, நடக்கற வேகத்துலதான். வீட்டு கேட்டுல இருந்து பின்னாடி தள்ளி எடுக்கறப்ப, சந்துல யூ டர்ன் போடறப்ப, சிக்னல் பச்சை விழுந்து பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிக்கறப்ப, பெட்ரோல் பங்க் ஓரத்துல கெடக்கற மண்ணுல கால் வழுக்கறப்ப. அந்த நேரத்துல வண்டி ஒரு பக்கம் சாயும், ஸ்ப்ளெண்டர்னா தொடைய வெச்சு தாங்கி நிமித்திடலாம், 195 கிலோ ஒரு அளவுக்கு மேல சாஞ்சிடுச்சுன்னா உங்களால மட்டுமில்ல என்னாலயும் புடிக்க முடியாது. கால உள்ள குடுத்து தாங்கப் பாத்தா கணுக்கால்தான் போகும், விட்டுட்டு நகந்துக்கறதுதான் புத்திசாலித்தனம்.

சீட் ஹைட்டும் பாருங்க. ஸ்ப்ளெண்டர் 785 எம்எம், கிளாசிக் 805, ஆர்15 வி4 815. நம்பர மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க, சீட்டோட முன்பக்க அகலமும் சேத்திதான். கிளாசிக் சீட்டு அகலம், தொடை விரிஞ்சு கால் வெளிய தள்ளிடும், அதனால 805 இருந்தாலும் உங்க ஹைட்டுக்கு பாதம் பாதிதான் ஊனும். ஷோரூம்ல இத செஞ்சு பாருங்க: தினமும் போடற ஷூவோட போங்க, வண்டிமேல உட்காந்து சைடு ஸ்டாண்ட எடுத்துட்டு, இறங்காம காலாலயே ஒரு பத்தடி பின்னாடி தள்ளுங்க. அப்பறம் ஹேண்டில முழுசா லாக் வரைக்கும் திருப்பி வெச்சுக்கிட்டு திரும்ப தள்ளுங்க. அப்ப உங்க இடுப்பு சொல்லிடும் இந்த வண்டி உங்களுக்கா இல்லையான்னு. சேல்ஸ்மேன் ஒரு மாதிரி பாப்பான், பாத்துட்டு போறான், லோன் கட்டப்போறது நீங்கதான.

அடுத்து, நீங்க ஸ்கூட்டில இருந்து வர்றீங்கங்கறது முக்கியமான விஷயம், இத யாருமே சொல்லித்தர மாட்டாங்க. ஸ்கூட்டில இடது கை லீவர் என்ன? பின் பிரேக்கு. இத்தனை வருஷமா குறுக்க நாய் வந்தா உங்க இடது கை தானா இறுக்கியிருக்கு. பைக்குல அதே லீவர் கிளட்ச். பதட்டத்துல அத இறுக்கினா வண்டி நிக்காது, இஞ்சின் புடிப்பும் விட்டுப்போயி ஃப்ரீயா ஓடும், வேகம் குறையறதுக்கு பதிலா வண்டி முன்னாடி போற மாதிரி இருக்கும், வலது கால் பிரேக்குன்னு ஒன்னு இருக்கறதே அந்த நேரத்துல ஞாபகத்துக்கு வராது. இந்தப் பழக்கம் மாற ஒரு நாள் ரெண்டு நாள் போதாது, சில வாரம் ஆகும். அந்த சில வாரம் நீங்க எந்த வண்டில இருக்கீங்கங்கறதுதான் கேள்வியே. ஸ்ப்ளெண்டரோட எட்டு குதிரை சக்தி இஞ்சின்ல அந்தத் தப்பு நடந்தா ஆட்டோக்காரன் கிட்ட திட்டு வாங்குவீங்க, அவ்வளவுதான். ஆர்15ல 18.4 பிஎஸ் (பிஎஸ்னாலும் குதிரை சக்திதான்), முறுக்கின முறுக்குக்கு எகிறும், அங்க அதே தப்பு வேற மாதிரி முடியும்.

கிளாசிக்குக்கு ஒரு நியாயமும் சொல்லணும். 27 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை, அதுவும் கீழ் ஆர்பிஎம்லயே கிடைக்கும், அதனால கிளட்ச்ச கொஞ்சம் அவசரமா விட்டாலும் டப்புனு ஆஃப் ஆகாது, இழுத்துக்கிட்டு போயிடும். ஸ்ப்ளெண்டர்ல 8தான், கிளட்ச்ச படக்குனு விட்டா உடனே ஆஃப். மொத வாரம் கடுப்பாகும், ஹோப் காலேஜ் சிக்னல்ல நாலு தடவை ஆஃப் ஆகி எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. ஆனா அதுதான் உங்களுக்கு ஹாஃப் கிளட்ச், அதாவது கிளட்ச்ச பாதி விட்டு புடிக்கறத, கத்துக்குடுக்கும். ஸ்ப்ளெண்டர்ல ஆஃப் ஆகாம எடுக்கத் தெரிஞ்சவனுக்கு எந்த வண்டியும் எடுக்க வரும், கிளாசிக்குல பழகினவன் சின்ன வண்டில உட்காந்தா திணறுவான்.

கியர் விஷயத்துல ஒன்னு தெரிஞ்சு வெச்சுக்கங்க. ஸ்ப்ளெண்டர்ல நாலு கியரும் முன்னாடி மிதிக்கறது, குறைக்க குதிங்காலால பின்னாடி மிதிக்கணும், நியூட்ரல் ஒரு ஓரத்துல இருக்கும். பல்சர், ஆர்15, கிளாசிக் எல்லாம் ஒன்னு கீழ, மத்தது மேல, நியூட்ரல் ஒன்னுக்கும் ரெண்டுக்கும் நடுவுல. அதனால அடுத்து வண்டி மாத்தறப்ப ரெண்டு நாள் குழப்பம் வரும், கியர் ஏத்தறேன்னு இறக்கிடுவீங்க. காலி ரோட்டுல அந்த ரெண்டு நாள கழிச்சுட்டு அப்பறம் டிராஃபிக்குக்கு போங்க. இதுக்காக ஸ்ப்ளெண்டர் வேண்டாம்ங்கற அளவுக்கு இது பெரிய விஷயமில்ல.

ஆர்15 பத்தி நான் நிறைய எழுதப்போறதில்ல. நல்ல வண்டி, 155 சிசில அவ்வளவு நல்ல இஞ்சின் ரேர். ஆனா ஹேண்டில் தாழ்வு, உடம்பு பாரம் மணிக்கட்டுல உட்காரும், சத்தி ரோட்டு டிராஃபிக்குல தினமும் கிளட்ச் புடிச்சு புடிச்சு வலி கண்டுடும். ஹேண்டில் கொஞ்சமாத்தான் திரும்பும், நம்ம ஊர் சந்துல ஒரே மூச்சுல யூ டர்ன் வராது. நின்ன எடத்துல சும்மா சாஞ்சா கூட ஃபேரிங் (வண்டிய மூடியிருக்கற பிளாஸ்டிக் கவர்) கீறும், உடையும், அந்த பிளாஸ்டிக் விலைய ஸ்பேர்ஸ் கடையில ஒரு தடவை கேட்டுப் பாருங்க. உங்கம்மா பின்னாடி சேலையோட ஒரு பக்கமா உட்காரணும்னா அந்த உசரமான துண்டு சீட்டுல எப்படி உட்காருவாங்கன்னும் யோசிங்க. 

இப்ப "வாங்கறதே ஒரு தடவை"ங்கற கதைக்கு வருவோம். கேக்க நல்லா இருக்கு, கணக்கு போட்டா நிக்காது. புது வண்டிக்கு தமிழ்நாட்டுல லைஃப் டாக்ஸ் மட்டும் வண்டி விலை ஒரு லட்சம் வரைக்கும் 10 சதவீதம், அதுக்கு மேல 12 சதவீதம். அதோட அஞ்சு வருஷ தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் சேத்து கட்டணும், 2018 செப்டம்பர்ல இருந்து புது டூவீலருக்கெல்லாம் அப்படித்தான். ரிஜிஸ்ட்ரேஷன் செலவு, ஷோரூம்காரன் தலைல கட்டற கார்டு, சீட் கவர், பாலிஷ் எல்லாம் தனி. இதுல ஒத்த ரூபா கூட விக்கறப்ப திரும்பி வராது. பழைய ஸ்ப்ளெண்டர்ல இதெல்லாம் மொத ஓனர் கட்டி முடிச்சிட்டாரு. நல்ல கண்டிஷன்ல வாங்கினீங்கன்னா ஒரு வருஷம் கழிச்சு கொஞ்சம் குறைச்சு வித்துடலாம், ஊருல ஸ்ப்ளெண்டருக்கு ஆள் கிடைக்காம போன கதையே கிடையாது. நடுவுல நாலு தடவை கீழ போட்டா என்ன, இண்டிகேட்டர் கண்ணாடி, கிளட்ச் லீவர், எல்லாம் எந்த ஆட்டோமொபைல் கடையிலயும் தொங்கிக்கிட்டு இருக்கும், நூறு எரநூறுல முடியும். புது கிளாசிக் டேங்குல மொத கீறல் விழுந்தா ரெண்டு நாள் சோறு இறங்காது. வண்டிக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து பயந்து ஓட்டறவன் ரோட்ட பாக்க மாட்டான்.

பழசு வாங்கறதுன்னா முடிஞ்சா 2019 ஏப்ரலுக்கு அப்பறம் வந்த வண்டியா பாருங்க. காரணம் பிரேக்கு. அந்த தேதில இருந்து 125 சிசிக்கு மேல உள்ள வண்டிக்கு ஏபிஎஸ், 125 வரைக்கும் சிபிஎஸ்ஸாவது கட்டாயம். ஏபிஎஸ்னா சடன் பிரேக் புடிச்சாலும் வீல் லாக் ஆகாம பாத்துக்கும். சிபிஎஸ்னா பின் பிரேக்க மிதிச்சா முன் பிரேக்கும் கொஞ்சம் சேந்து புடிக்கும், முன் பிரேக்க தொடவே பயப்படற புது ஆளுங்களுக்கு அது பெரிய உதவி. 2020 ஏப்ரலுக்கு அப்பறம் வந்ததுன்னா பிஎஸ்6 (புது பொகை விதி), கார்புரேட்டர் போயி ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வந்துடுச்சு, காலைல சோக் இழுத்துக்கிட்டு நிக்க வேண்டியதில்ல. ஆனா பேட்டரி படுத்தா இன்ஜெக்‌ஷன் வண்டி மக்கர் பண்ணும், அதனால பேட்டரி எப்ப மாத்துனதுன்னு கேளுங்க.

பாக்கப்போறப்ப முன்னாடியே ஃபோன்ல சொல்லிடுங்க, வண்டிய ஸ்டார்ட் பண்ணி வெக்காதீங்கன்னு. போனதும் மொத வேலையா இஞ்சின்ல கைய வெச்சுப் பாருங்க. சுடுதுன்னா ஏற்கனவே சூடு பண்ணி வெச்சிருக்கார், ஏதோ மறைக்கறார், அரை மணி நேரம் டீ குடிச்சிட்டு வர்றேன்னு சொல்லிட்டு கிளம்பிடுங்க. ஆறுன இஞ்சின ஸ்டார்ட் பண்ணி சைலென்சர் பின்னாடி நின்னு பாருங்க, நல்லா முறுக்கி விடறப்ப நீலம் கலந்த பொகை தள்ளினா ஆயில் எரியுது, போர் வேலை (இஞ்சின பிரிச்சு சிலிண்டர சரி பண்றது) இருக்கு. மெயின் ஸ்டாண்ட் போட்டு பின்னாடி ஒரு ஆள அமுக்கச் சொல்லி முன் வீல தூக்கிட்டு ஹேண்டில மெதுவா இந்தப்பக்கம் அந்தப்பக்கம் திருப்புங்க, நேரா வர்ற எடத்துல "டக்"னு ஒரு புடி புடிச்சா கோன் செட் (ஹேண்டில் திரும்பற எடத்து பேரிங்) போயிடுச்சு. ஃபோர்க் பைப்புல (முன் சஸ்பென்ஷன் குழாய்) எண்ணெய் கசிவு இருக்கான்னு விரல வெச்சு தடவிப் பாருங்க. செயின பின் ஸ்ப்ராக்கெட்டுல கடைசில புடிச்சு இழுங்க, பல்லு வெளிய தெரிஞ்சா செயின் செட் மாத்தணும், அத விலைல கழிங்க. டயர்ல நாலு நம்பர் இருக்கும், 2321னு இருந்தா 2021ல 23ஆவது வாரம் செஞ்சது. மீட்டர் ரீடிங்க நம்பாதீங்க, ஃபுட் ரெஸ்ட் ரப்பரும் கியர் லீவர் தேய்மானமும் பொய் சொல்லாது.

பேப்பர் விஷயத்துல கண்ண மூடிக்கிட்டு இருக்காதீங்க. ஆர்சில இருக்கற சேசிஸ் நம்பரும் இஞ்சின் நம்பரும் வண்டில அடிச்சிருக்கறதோட ஒத்துப்போகுதான்னு ஒவ்வொரு எழுத்தா பாருங்க. எச்பி, அதாவது ஆர்சில லோன் பதிவு, இருந்தா பேங்க் என்ஓசியும் ஃபார்ம் 35ம் இல்லாம காசு குடுக்காதீங்க. கவர்மெண்ட்டோட பரிவாகன் வெப்சைட்டுல நம்பர் போட்டு பழைய ஃபைன் ஏதாவது நிக்குதான்னு பாருங்க. ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் ஓனர் கையெழுத்து வாங்கி 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தற வேலைய ஆரம்பிச்சிடுங்க, இன்சூரன்ஸ் பேர் மாத்தவும் அதே 14 நாள்தான். பழைய வண்டி வாங்கி விக்கற சில கன்சல்டிங்காரங்க "கையெழுத்து போட்ட ஃபார்ம் இருக்கு, பேர் மாத்தாம ஓட்டுங்க, விக்கறப்ப ஈசியா இருக்கும்"னு ஐடியா குடுப்பாங்க. நடுவுல ஒரு ஆக்சிடென்ட் ஆனா தெரியும் அந்த ஈசி.

ஸ்ப்ளெண்டரோட பலவீனத்தையும் சொல்லிடறேன், இல்லன்னா கம்பெனிக்காரன் மாதிரி ஆயிடும். முக்காவாசி ஸ்ப்ளெண்டர் முன்னாடியும் டிரம் பிரேக்தான், டிஸ்க் இல்ல, ஏபிஎஸ் கிடையாது. அதனால "ரெண்டு தடவை வாங்கற வேலையே வேண்டாம், ஒரே வண்டி, மூணு நாலு வருஷம் ஓடணும்"னு நீங்க அடம் புடிச்சா என் பதில் மாறும். அப்ப 2019க்கு அப்பறம் வந்த யமஹா எஃப்இசட்-எஸ் ஒன்னு பாருங்க, 149 சிசி, 136 கிலோ பக்கம், சீட் 790, முன்னாடி ஏபிஎஸ் இருக்கு, 12.4 பிஎஸ்தான், சாதுவான வண்டி. புதுசுதான் வேணும்னா ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125ஆர்ல ஏபிஎஸ் வெச்ச மாடல் வருது. டிவிஎஸ் ரைடர் 125ம் ஓட்டிப் பாருங்க, 123 கிலோ, சீட் 780, உங்க ஹைட்டுக்கு ரெண்டு காலும் சூப்பரா ஊனும். ஹோண்டா ஷைனும் குறை சொல்ல முடியாத வண்டி, மனசுக்கு ஒட்டலைங்கறது வேற விஷயம். இத்தோட நிறுத்திக்கறேன். யமஹா ஆர்எக்ஸ்100 பத்தி யாராவது இழுத்தா காதுல வாங்காதீங்க, 1996லயே நிறுத்தின வண்டி, சத்தத்துக்காக இன்னைக்கு கேக்கற விலைக்கு ஏபிஎஸ் வண்டியே வாங்கலாம், அந்த டிரம் பிரேக்க வெச்சுக்கிட்டு பழகறவன் கையில குடுக்கக்கூடாத சாமான் அது.

பழகறதுக்கு இடம் நம்ம ஊர்ல பஞ்சமில்ல. ஊருக்கு வெளிய சைட் போட்டு தார் ரோடு போட்டு விட்டிருப்பாங்க பாருங்க, வீடே வராத லேஅவுட்டு, காலைல ஆறு மணிக்கு அங்க போங்க. எல்எல்ஆர் இருக்கறதால முன்னாடியும் பின்னாடியும் எல் ஒட்டணும், பின்னாடி உட்காரறவர் சொல்லித்தர்றவரா, லைசென்ஸ் உள்ளவரா இருக்கணும், ஃப்ரெண்ட ஏத்திக்கிட்டு சுத்தக்கூடாது. மொத நாள் ஆக்சிலரேட்டரையே தொடாதீங்க. ஒன்னாவது கியர போட்டு கிளட்ச்ச மெதுவா விட்டுக்கிட்டே வாங்க, ஒரு எடத்துல வண்டி லேசா முனகும், சீட்டு கொஞ்சம் அசையும், அங்கயே கைய நிறுத்துங்க. வண்டி தானா ஊர ஆரம்பிக்கும். திரும்ப இழுங்க, நிறுத்துங்க, திரும்ப விடுங்க. இத சலிக்கற வரைக்கும் செய்யுங்க, முக்காவாசி பைக் ஓட்டறது இதுக்குள்ளயே அடங்கிடுச்சு. அப்பறம் பிரேக்கு: 30ல போயி முன் பிரேக்க ரெண்டு விரலால, வெடுக்குனு இல்ல, அழுத்திக்கிட்டே போற மாதிரி புடிச்சு பழகுங்க. "முன் பிரேக் புடிச்சா குப்புற விழுவ"ன்னு பெரியவங்க சொல்லி வளத்துட்டாங்க, நிஜத்துல வண்டிய நிறுத்தறது பெரும்பாலும் அதுதான், ஹேண்டில் திரும்பி இருக்கறப்பவும் மண்ணுலயும் புடிச்சாதான் விழுவீங்க.

எல்எல்ஆர் எடுத்து 30 நாள் கழிச்சு டெஸ்டுக்கு போகலாம், ஆறு மாசத்துக்குள்ள முடிச்சிடணும். எட்டு போடறப்ப கால் ஊனக்கூடாது, அதுக்கும் லேசான வண்டிதான் தோது. ஆக்சிலரேட்டர் ஒரே அளவுல வெச்சுக்கிட்டு, ஹாஃப் கிளட்ச்சும் பின் பிரேக்கும் மட்டும் வெச்சு சமாளிக்கணும், கண்ணு முன் வீல்ல இருக்கக்கூடாது, வளைவு முடியற எடத்துல இருக்கணும்.

ஹெல்மெட்டுக்கு தனியா காசு எடுத்து வெச்சுடுங்க, மிச்சத்துல பாத்துக்கலாம்னு விடாதீங்க. ஐஎஸ்ஐ முத்திரையும் 4151ங்கற நம்பரும் இருக்கணும், ரோட்டோரத்துல குமிச்சு வெச்சு விக்கறதுல அந்த ஸ்டிக்கரையும் போலியா ஒட்டியிருப்பான், கடையில வாங்குங்க. ஃபுல் ஃபேஸ், போட்டதும் கன்னம் ரெண்டும் அமுங்கணும், ஸ்ட்ராப் போட்டு தலைய ஆட்டினா ஹெல்மெட் மட்டும் தனியா ஆடக்கூடாது. செருப்போட கியர் மாத்தாதீங்க, கட்டைவிரல் நகத்துக்கு நல்லதில்ல.

வால்பாறை கேட்டீங்கல்ல, ஸ்ப்ளெண்டர்லயே போகலாம், தாராளமா. ஆழியார் தாண்டினா 40 கொண்டை ஊசி, ஏறறப்ப ரெண்டாவது கியர்ல முனகிக்கிட்டு ஏறும், யாருக்கும் அவசரமில்லையே. இறங்கறதுதான் கவனம். நியூட்ரல்லயோ கிளட்ச்ச புடிச்சுக்கிட்டோ இறங்கினீங்கன்னா பிரேக்கு ஒன்னே எல்லாத்தையும் தாங்கணும், டிரம் சூடேறி புடிக்காம போயிடும். எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இஞ்சின் புடிப்புல இறங்குங்க. லைசென்ஸ் கைக்கு வந்து, டவுன் டிராஃபிக்குல ஒரு ரெண்டு மூணு மாசம் ஓட்டிட்டு, மழை இல்லாத நாளா பாத்து போங்க.

அடுத்த வருஷம் கிளாசிக் வாங்கப் போறப்ப ஒரு தடவை ராயல் என்ஃபீல்டோட ஹண்டர் 350யும் உட்காந்து பாருங்க. அதே 349 சிசி இஞ்சின், 181 கிலோதான், சீட்டு 790, உங்க காலுக்கு அது இன்னும் நல்லா பொருந்தும். 2025 செப்டம்பர் 22ல இருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதுக்கு மேல 40, அதனால ரெண்டுமே கம்மி வரிக்குள்ள வந்துடும். 400, 450னு யாராவது ஆசை காட்டினா ஆன்ரோடு கொட்டேஷன வாங்கிப் பாத்துட்டு பேசுங்க.